வகுப்பறைக்குள் ஒரு வெங்காயச் சந்தை

வாங்குவோர் பக்கத்தைக் காட்டும் கேள்வி வளையியும் விற்போர் பக்கத்தைக் காட்டும் நிரம்பல் வளையியும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைப் பதினாறு வருடமாகக் கரும்பலகையில் கீறி வருகிறேன். உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் கீறுவார்கள், அச்சுகளுக்குப் பெயர் எழுதுவார்கள், சோதனையில் புள்ளியும் எடுப்பார்கள். ஆனால் "விலை அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "ரெண்டு சமன்பாட்டையும் தீர்த்தால் வரும், ரீச்சர்" என்றான். விடை சரி. ஆனால் சந்தையில் சமன்பாடு தீர்க்கிறவர் ஒருவரும் இல்லை.

என் வகுப்பில் பாதிப்பேரின் வீடுகளில் தோட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பக்கத்துப் பிள்ளைகள். விடியும் முன்பே வெங்காயமும் கத்தரிக்காயும் லாண்ட்மாஸ்டரில் ஏறி சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ மருதனார்மடத்துக்கோ போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். விலை என்றால் என்ன என்று அவர்களுக்கு உடம்பில் தெரியும். அது கொப்பிக்குள் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் போன வருடம் இரண்டாம் தவணையில் சந்தையையே வகுப்புக்குள் கொண்டுவந்து பார்த்தேன். என்ன விதி வைத்தேன், எது பிழைத்தது, எது சரிவந்தது என்பதை எண்களோடு எழுதுகிறேன். இன்னொரு ஆசிரியர் அப்படியே எடுத்து நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் காட்ஸை வைத்துத்தான் தொடங்கினேன். முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்கள் 2 முதல் 6 வரையுள்ள காட்ஸை ஒதுக்கிவிடுவார்கள். 32 காட்ஸ்தான் ஆட்டத்துக்குத் தேவை. மிச்சம் இருபதும் புதுசாகவே கிடக்கும். சிவப்பை வாங்குவோருக்கும் கறுப்பை விற்போருக்கும் கொடுத்தேன். எண்ணை ஐம்பதால் பெருக்கினால் ரூபா. ஆட்டம் பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. ஐந்து எண்கள்தான் இருப்பதால் படிகள் மிகப் பெரிதாக இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே எண்கள் என்பதால் "நடு எண்தானே விலை" என்று பிள்ளைகள் பேரம் பேசாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கத்து எண்களும் சமச்சீராக இருக்கக்கூடாது என்பது அன்று கற்றது.

அடுத்த நாள் பழைய பிறிஸ்டல் போட்டை வெட்டி 24 துண்டு செய்தேன். வகுப்பில் 24 பேர். பன்னிரண்டு பேர் வாங்குவோர், பன்னிரண்டு பேர் விற்போர். பண்டம் சின்ன வெங்காயம், ஆளுக்கு ஒரு கிலோ.

வாங்குவோரின் துண்டில் அவர் அந்த ஒரு கிலோவுக்குக் கொடுக்கத் தயாரான ஆகக்கூடிய தொகை இருக்கும்: 400, 380, 360 என்று இருபது இருபதாக இறங்கி 180 வரை. விற்போரின் துண்டில் அவருக்கு ஆன செலவு: 130, 150, 170 என்று ஏறி 350 வரை. கொடுத்த விலை துண்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம் வாங்கியவரின் இலாபம். விற்போருக்கு அதன் மறுபக்கம். துண்டை யாருக்கும் காட்டக்கூடாது. நட்டத்துக்கு வியாபாரம் செய்யக்கூடாது. வியாபாரம் நடக்காவிட்டால் பூச்சியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. துண்டில் உள்ள எண்தான் தான் கொடுக்க வேண்டிய விலை என்று வாங்குவோரில் மூன்று பேர் நினைத்துவிட்டார்கள். விளக்கம் சொன்னால் போதாது. இரண்டு பேரை முன்னுக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் தெரிய ஒரு வியாபாரத்தைச் செய்துகாட்டி, இலாபத்தைக் கரும்பலகையில் கணக்குப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

நிரைப்படுத்திப் பார்த்தால் விடை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். 400 உள்ளவரோடு 130, 380 உள்ளவரோடு 150 என்று சோடி சேர்த்துக்கொண்டு போனால் ஏழாவது சோடி 280 உம் 250 உம். எட்டாவது 260 உம் 270 உம், அங்கே வியாபாரம் இல்லை. ஆகவே சமநிலையில், அதாவது வாங்கும் அளவும் விற்கும் அளவும் ஒன்றாகும் இடத்தில், 7 கிலோ விற்க வேண்டும், விலை 260 க்கும் 270 க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏழு சோடியின் இலாபத்தையும் கூட்டினால் 1050 ரூபா. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் பார்க்கத்தான் பூட்டினேன்.

முதல் நாள் அவர்களை வகுப்பு முழுக்க உலாவ விட்டேன். பிடித்தவரோடு பேசு, விலை பொருந்தினால் என்னிடம் வந்து பதி. சத்தம் அடுத்த வகுப்பு வரை போனது. முடிவில் 9 வியாபாரம் பதிவாகியிருந்தது. ஆகக்குறைந்த விலை 160, ஆகக்கூடியது 340. மொத்த இலாபம் 870. லாச்சியைத் திறந்து தாளை வாசித்தபோது பிள்ளைகளுக்குச் சரியான சந்தோசம்: "ரீச்சரின்ரை தாள் பிழை!"

எனக்கும் சந்தோசம்தான். ஏனென்றால் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களை வைத்து இப்படித்தான் செய்து பார்த்து, 1948 இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவருக்கும் இப்படித்தான் வந்தது. சமநிலை சொல்வதைவிடக் கூடுதலான வியாபாரம், சிதறிய விலைகள். பாடப்புத்தகத்துச் சமநிலை நடைமுறையில் தானாக வருவதில்லை என்பது அவருடைய முடிவு. பிறகு அவருடைய வகுப்பில் அதே ஆட்டத்தை விளையாடிய மாணவர்களில் ஒருவர் வேர்னன் ஸ்மித். சில வருடங்களுக்குப் பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது, 1956 ஜனவரியில், அதே ஆட்டத்தை இரண்டு மாற்றத்தோடு நடத்தினார். பேசுகிற விலை எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பது ஒன்று. அதே துண்டுகளோடு ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும் என்பது மற்றது. விலை சமநிலையை நோக்கிப் போய் அங்கேயே நின்றது. 1962 இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 2002 இல் பொருளியல் நோபல் பரிசை டானியல் கானமனோடு பகிர்ந்துகொண்டார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு உடனே சொல்லவில்லை. அடுத்த நாள் ஆட்டம் முடிந்த பிறகு சொன்னேன். முதலில் சொன்னால் அவர்கள் விடைக்காக விளையாடுவார்கள்.

இரண்டாம் நாள் எல்லோரையும் கதிரையில் இருத்தினேன். கரும்பலகையில் இரண்டு நிரல்: "வாங்க", "விற்க". கையை உயர்த்தி உரத்துச் சொல்ல வேண்டும். "வாங்க 150!" என்று ஒருவர் சொன்னால் எழுதுவேன். அடுத்தவர் அதைவிடக் கூட்டித்தான் கேட்கலாம். விற்பவர் முன்பு சொன்னதைவிடக் குறைத்துத்தான் சொல்லலாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் "சரி" என்றால் வியாபாரம் முடிந்தது. நிரலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவோம். குருநகர், பாசையூர் பக்கத்துப் பிள்ளைகள் இருவருக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கரையில் மீன் ஏலம் கூறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அங்கே வாங்குகிறவர்கள்தான் விலையை ஏற்றுவார்கள், இங்கே விற்கிறவர்களும் இறக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வித்தியாசத்தையும் அவர்களே சொன்னார்கள்.

முதல் சுற்றில் விலைகள் 210 இல் இருந்து 310 வரை. இரண்டாம் சுற்றில் 240 க்கும் 280 க்கும் இடையில். மூன்றாம் சுற்றில் ஏழு வியாபாரம், அதில் ஆறு 260 க்கும் 270 க்கும் உள்ளே. லாச்சியில் இருந்த தாளை ஒரு பெடியனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்து முடித்ததும் வகுப்பில் வந்த அமைதி, பதினாறு வருடமாக நான் கேட்ட அமைதி அல்ல.

"ஆர் ரீச்சர் இதை முடிவு செய்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே வளையிகளைக் கீறினேன். துண்டுகளை நிரைப்படுத்திப் படியாகக் கீறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் இருந்தது. 280 என்ற படியில் இருந்தவன் தான் கடைசியாக உள்ளே வந்தவன் என்று கண்டான். 260 உள்ளவள் தான் ஏன் மூன்று சுற்றிலும் வெறுங்கையோடு நின்றாள் என்று கண்டாள். எல்லையில் நிற்கிறவர் விலையைத் தீர்மானிக்கிறார் என்பதை நான் வாயால் சொல்ல வேண்டி வரவில்லை.

உச்ச விலைச் சுற்று அடுத்த கிழமை. அதே துண்டுகள், ஆனால் 200 ரூபாவுக்கு மேல் விற்க முடியாது என்று அரசாங்கம் வர்த்தமானி போட்டுவிட்டது என்றேன். 200 க்குள் செலவு முடிந்த விற்போர் நாலு பேர்தான்: 130, 150, 170, 190. 200 கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் பதினொரு பேர். நாலு பேரைச் சுற்றிப் பதினொரு பேர் எழுந்து நின்றார்கள். கதிரையில் இருக்க வேண்டும் என்ற விதி அந்த நிமிடமே உடைந்தது. உடைய விட்டேன். கதவுக்குக் கிட்ட இருந்தவர்கள், சிநேகிதர்கள், சத்தமாகக் கத்தத் தெரிந்தவர்கள் வாங்கினார்கள். விற்ற ஒருவன் மெல்லமாக, "என்ரை பேனையையும் நூறு ரூபாவுக்கு வாங்கினால் தாறன்" என்றான். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

கிடைத்தவர்களின் துண்டுகள் 380, 300, 260, 220. மொத்த இலாபம் 520. சமநிலையில் இருந்த 1050 இல் ஏறத்தாழப் பாதி. பிள்ளைகளே 2021, 2022 கதைகளை எடுக்கத் தொடங்கினார்கள். 2021 செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச விலை வந்ததும், அந்த மாதம் முடிவதற்குள் அது நீக்கப்பட்டதும். பால்மா வாங்கப் போனால் வேறு சாமானும் எடுக்கச் சொன்ன கடைகள். எரிவாயு சிலிண்டரோடு விடியவிடிய நின்ற வரிசை. அப்போது அவர்கள் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், வரிசையில் இடம் பிடிக்க அனுப்பப்பட்டவர்கள்.

இந்த இடத்தில் பாடம் முடிந்தது என்று நான் நினைத்தேன். 220 துண்டு வைத்திருந்த பிள்ளை விடவில்லை. "ரீச்சர், முந்தின மூண்டு சுற்றிலும் எனக்குக் கிடைக்கேல்லை. இண்டைக்குத்தான் கிடைச்சது. 400 ரூபா வைச்சிருக்கிறவனுக்குக் காசு இருக்கு. என்னைவிடப் பசி கூட எண்டு அர்த்தமே?" இதைவிட நல்ல கேள்வி இந்த அலகில் வராது. துண்டில் உள்ள எண் ஆசையையும் காசையும் சேர்த்துத்தான் சொல்கிறது, தேவையை மட்டும் அல்ல. மொத்த இலாபம் 520 ஆகக் குறைந்தது உண்மை. அவளுக்குக் கிடைத்ததும் உண்மை. உச்ச விலைக்குப் பதிலாக அவள் கையில் 60 ரூபா கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அதை வைத்தே இன்னொரு பாடவேளை ஓடியது. உருவகச் சந்தை நடத்துகிற ஆசிரியர் "சந்தை வென்றது" என்று முடித்துக்கொண்டு போகக்கூடாது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு.

வாங்குவோரின் விருப்பமே மாறி வளையி நகர்வதும், விலை மட்டும் மாறி வளையியின் மேல் நகர்வதும் வேறு என்பது நம் பிள்ளைகள் வருடா வருடம் குழம்பும் இடம். ஆட்டம் அதைத் தானாகத் தீர்க்கவில்லை. துண்டை அவர்கள் கண்முன் மாற்ற வேண்டியிருந்தது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் பலர் மச்சம் தொடமாட்டார்கள், மரக்கறி விலை ஏறும், மீன் விலை இறங்கும். அதைச் சொல்லி, வாங்குவோர் பன்னிரண்டு பேரின் துண்டிலும் 60 ஐக் கூட்டி எழுதினேன். மறுபடி ஏலம். விலை 290 க்கும் 300 க்கும் இடையில் வந்து நின்றது, 9 கிலோ விற்றது. அறுபது கூட்டினேன், விலை ஏன் முப்பதுதான் ஏறியது? விலை மாறும்போது வாங்கும், விற்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும் நெகிழ்ச்சி என்ற சொல்லை அன்றுதான் முதல்முதல் சொன்னேன்.

நிரம்பல் குறைந்து அதன் வளையி இடப்பக்கம் நகர்வதைக் காட்ட ஆட்டம் தேவைப்படவில்லை. 1990 இல் இருந்து 1995 வரை பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்த பிள்ளை நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த வெளிச்சத்தில்தான் படித்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வளையியைக் கீறினேன், போதுமாக இருந்தது.

பணவீக்க ஆட்டமும் எளிது. புளியங்கொட்டைதான் காசு. ஒரு பிஸ்கட் பக்கற், ஒரு பேனை, ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மூன்றையும் ஏலத்தில் விட்டேன். முதல் சுற்றில் மூன்றுமாக 40 கொட்டை. கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, எல்லோர் கையிலும் மூன்று மடங்காக்கிவிட்டு அதே மூன்றையும் மறுபடி விட்டபோது 117. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் விலை ஏறியதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல, ரூபாவின் வீழ்ச்சியும் பண்டத் தட்டுப்பாடும் சேர்ந்தவை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் புளியங்கொட்டை பொய் சொன்னதாகிவிடும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விடயம். ஏலச் சுற்றுகள் முடிந்த கிழமை ஒரு பிள்ளை கொப்பியோடு மேசைக்கு வந்தாள். தகப்பன் வெங்காயம் செய்கிறவர்.

"ரீச்சர், 330 துண்டு வைச்சிருந்த ஆள் விக்காமல் சும்மா இருந்திட்டார். அப்பா அப்பிடி இருக்க ஏலாது. கிண்டின வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு போனால், வந்த விலைக்குக் குடுத்திட்டுத்தான் வர வேணும். திருப்பிக் கொண்டு வாறதுக்கு வாகனக் கூலி ஆர் குடுக்கிறது? அப்பாவுக்கு எவ்வளவு செலவு எண்டு அங்கை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அவள் சொன்னது முழுக்கச் சரி. என் ஆட்டத்தில் விற்பவர் விற்றால்தான் செலவு. தோட்டத்தில் செலவு முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே விதியை மாற்றினேன். விற்போர் பன்னிரண்டு பேரும் தங்கள் செலவை முதலிலேயே என்னிடம் கட்டிவிட வேண்டும். மணி அடிக்கும்போது கையில் இருக்கும் வெங்காயத்துக்குப் பூச்சியம். ஏலம் 240 இல் தொடங்கியது. நேரம் போகப் போக இறங்கியது. கடைசி வெங்காயம் 110 க்குப் போனது. பன்னிரண்டு கிலோவும் விற்றன, விற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நட்டம். உற்பத்தியை மாற்ற நேரம் போதாத குறுங்காலத்தையும், நேரம் உள்ள நெடுங்காலத்தையும் பொருளியலாளர் அல்பிரட் மாஷல் மீன்பிடித் தொழிலைக் காட்டித்தான் விளக்கினார். எங்களுக்கு வெங்காயம் காட்டியது.

ஆனால் அவளுடைய கேள்வி அதோடு முடியவில்லை. இந்தப் போகம் நட்டப்பட்டவர் அடுத்த போகம் என்ன செய்வார்? அதற்குத்தான் நடுகை ஆட்டத்தை உருவாக்கினேன்.

மூன்று பேராக எட்டுக் குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாலு பரப்புத் தோட்டம். பரப்பு என்பது எங்கள் பக்கத்து நில அளவு. ஒவ்வொரு போகமும் எத்தனை பரப்பில் வெங்காயம் நடுவது என்று கடதாசியில் எழுதி மடித்துத் தர வேண்டும். மற்றக் குடும்பத்துக்குத் தெரியக்கூடாது. வெங்காயம் நடாத பரப்பில் மரவள்ளி, அதில் ஒரு பரப்புக்கு நிச்சயமாக 5,000 ரூபா மிஞ்சும். வெங்காயத்தில் ஒரு பரப்புக்குச் செலவு 15,000, விளைவு 100 கிலோ. இவை கணக்கு இலகுவாக வருவதற்கு நான் வைத்த எண்கள், உண்மையான தோட்டக் கணக்கு வேறு. ஒரு கிலோவின் விலை, மொத்தமாக நட்ட பரப்பை 12 ஆல் பெருக்கி 440 இல் இருந்து கழித்தால் வருவது. சூத்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மொத்தம் 20 பரப்பு நட்டால் விலை 200, அப்போது வெங்காயமும் மரவள்ளியும் சமம். அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"போன போகம் விலை 320" என்று எழுதித் தொடங்கினேன்.

முதற் போகம் 29 பரப்பு நட்டார்கள். விலை 92. ஒரு பரப்புக்கு 5,800 ரூபா நட்டம். வகுப்பே தலையில் கை வைத்தது. இரண்டாம் போகம் 7 பரப்பு, விலை 356. நடாதவர்கள் நட்டவர்களைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. மூன்றாம் போகம் 26 பரப்பு, விலை 128.

அப்போது இடைவேளை மணி அடித்தது. திரும்பி வந்தபோது அவர்களுக்குள் ஏதோ பேசி முடித்திருந்தார்கள் என்று முகத்தில் தெரிந்தது. வேப்பமரத்தடியில் எட்டுக் குடும்பமும் கூடி, ஆளுக்கு ஒரு பரப்பு மட்டும் நடுவது என்று பேசியிருக்கிறார்கள். எட்டுப் பரப்பு நட்டால் விலை நன்றாக ஏறும் என்று சூத்திரம் தெரியாமலே பிடித்துவிட்டார்கள். நாலாம் போகக் கடதாசிகளை விரித்துக் கூட்டினேன்: 14. ஆறு பரப்பு கூட. ஒரு குடும்பம் ஒன்றுக்குப் பதில் நாலு நட்டிருந்தது. மூன்று குடும்பம் இரண்டு இரண்டு. விலை 272. ஒரு பரப்பு மட்டும் நட்ட குடும்பங்களின் கோபம் அடுத்த பாடம் வரைக்கும் நீண்டது. விலையைக் கூட்டுவதற்காக உற்பத்தியாளர்கள் சேர்ந்து செய்கிற உடன்பாடு ஏன் உடைகிறது என்பதைப் பாடக்குறிப்பில் ஒரு பந்தியாக வைத்திருந்தேன். அந்தப் பந்தியை அன்று வாசிக்கவில்லை.

ஐந்தாம் போகம் 22 பரப்பு, விலை 176. ஆறாம் போகம் 19, விலை 212. ஆட்டம் அடங்கி வந்துகொண்டிருந்தது. விலையையும் பரப்பையும் வரைபில் குறித்துக் கோட்டால் இணைத்தபோது உள்ளே உள்ளே சுற்றிவரும் வலை தெரிந்தது. 1934 இல் நிக்கலஸ் கால்டோர் இதற்குச் சிலந்திவலை என்று பெயர் வைத்தார். போன போகத்து விலையைப் பார்த்து இந்தப் போகம் நடுகிற எந்தப் பயிருக்கும் பொருந்தும்.

பிறகு இரண்டு குடும்பத்தின் கணக்கை மட்டும் பலகையில் எழுதினோம். ஒன்று விலையைத் துரத்திய குடும்பம்: 4, 0, 4, 1, 4, 2 என்று நட்டது. ஆறு போகத்தின் முடிவில் கையில் 48,000. மற்றது எல்லாப் போகமும் இரண்டு பரப்பு வெங்காயம், இரண்டு பரப்பு மரவள்ளி என்று அசையாமல் நின்ற குடும்பம். ஒப்பந்தத்திலும் அவர்கள் "நாங்கள் எப்பவும் ரெண்டுதான்" என்று மரத்தடியிலேயே சொல்லிவிட்டார்களாம். அவர்கள் கையில் 1,27,200.

ஏழாம் போகத்தில் நான் துறைமுகத்தைத் திறந்தேன். பத்துப் பரப்புக்குச் சமனான வெங்காயம் வெளியிலிருந்து வந்து இறங்கியது என்று அறிவித்தேன். அவர்கள் 20 பரப்பு நட்டிருந்தார்கள். விலை 80. அந்த அறிவிப்பு நட்ட பிறகு வந்ததுதான் அவர்களை மிகவும் சுட்டது. அப்போதுதான் 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிக் கதைத்தோம். இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த அந்த வருடங்களில் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத் தோட்டக்காரரை நிமிர்த்தின. வெங்காயக் காசில் கட்டிய கல்வீடுகள் இன்றும் எங்கள் ஊர்களில் நிற்கின்றன. 1977 க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட்டபோது அந்த விலை போய்விட்டது. அதே காலத்தில் கொழும்பில் ஒரு கூலித் தொழிலாளி வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் என்ன விலை கொடுத்தார் என்று ஒரு மாணவன் கேட்டான். இறக்குமதி வரி பற்றிய விவாதத்தை அவன் கேள்வியில் இருந்தே தொடங்கினோம்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு இரட்டைப் பாடவேளை இரண்டு, உச்ச விலைக்கும் திருவிழாவுக்கும் ஒன்று, நடுகைக்கு இரண்டு. ஐந்து இரட்டைப் பாடவேளை. ரியூசனில் அதே அலகை இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். சில பெற்றோர் கவலைப்பட்டார்கள், அந்தக் கவலை நியாயமானது. ஐம்பது பல்தேர்வு வினாவுக்கு இரண்டு மணித்தியாலம் என்ற சோதனைக்கு வேகமும் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு, அதே துண்டு எண்களை வைத்தே மூன்று பல்தேர்வு வினாவும் ஒரு கட்டமைப்பு வினாவும் கொடுத்தேன். ஆட்டத்துக்குப் பின்னால் எழுத்து வராவிட்டால் பிள்ளைகள் சத்தத்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். முதல் நாள் எழுத்தை விட்டேன், அடுத்த கிழமை அரைவாசிப் பேருக்கு விலை ஏன் 265 பக்கம் நின்றது என்று எழுத வரவில்லை.

தவணை முடிவதற்கு முன் வெங்காயக்காரரின் மகள் நடுகை ஆட்டத்தின் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். செலவு 15,000 என்று நான் எழுதியிருந்த இடத்தைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டம்.

"அப்பா எல்லாத்தையும் பாத்தவர், ரீச்சர். ரெண்டு பரப்புக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பமாம். ஆனால் செலவு எல்லாப் போகமும் ஒண்டு எண்டு போட்டது பிழையாம். போன போகம் விலை ஏறினால் விதை வெங்காயமும் ஏறுமெல்லே எண்டு கேட்டவர். விலை ஏறின போகத்துக்குப் பிறகு நடுறவன் கூடின விலைக்கு விதை வாங்கித்தான் நடுவான், பிறகு குறைஞ்ச விலைக்கு விப்பான். ரெண்டு பக்கமும் அடி எண்டு சொல்லச் சொன்னவர்."

சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமேதான் விதை. இது எனக்குத் தெரியாத விடயம் அல்ல. தோட்டக்கார வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஆட்டத்துக்குள் கொண்டுவரத் தோன்றவில்லை.

இந்த வருடத் தாளில் செலவு நிரல் மாறியிருக்கிறது. ஒரு பரப்புக்கு 9,000 நிலையான செலவு. அதோடு 30 கிலோ விதை, போன போகத்து விலையில். போன போகம் 200 என்றால் பழையபடி 15,000. போன போகம் 356 என்றால் 19,680. பழைய பரப்புக் கணக்கையே இதில் போட்டுப் பார்த்தேன், மூன்றாம் போகத்து நட்டம் பரப்புக்கு 2,200 இல் இருந்து 6,880 ஆகப் போகிறது. வருகிற திங்கட்கிழமை புது வகுப்போடு நடத்துகிறேன். தகப்பனாரையும் வந்து இருக்கச் சொல்லி மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காலமை சந்தை முடிந்து வருவதாகச் சொன்னாராம்.